குனிந்த தலைக்குக் கீழே

சனவரி 9

அன்பிற்கினிய தங்கைக்கு,

அண்ணன் வரைவது. நலமாகவே இருக்கிறேன், மூட்டு மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. உன் நலம், மாப்பிள்ளை நலம், உன் மகளின் படிப்பு எல்லாவற்றையும் விரிவாக எழுது. நீ எழுதும் நான்கு வரி என் பசிக்குப் போதவில்லை.

முகவரி மாறிவிட்டது, உறையின் பின்புறம் பார். படக்கூட முதலாளி தம் கட்டடத்தின் நான்காம் மாடி முழுவதையும் எனக்கே ஒதுக்கிவிட்டார். வடக்குப் பார்த்த பெரிய கண்ணாடிச் சாளரம். காலை தொடங்கி மாலை வரை நிழல் நகராத வெளிச்சம். ஓவியன் ஒருவன் வேறென்ன கேட்பான்? சாளரத்தைத் திறக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. தூசி வந்து ஈர வண்ணத்தில் ஒட்டாமலிருக்க ஆணி அறைந்திருக்கிறது. வெள்ளிதோறும் ஒருவர் வந்து முடிந்த படம் எத்தனை, முடியாதது எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போகிறார். வாய் திறக்கமாட்டார். அவருக்கு 'எண்ணி' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

'நாணம்' பிறந்து இந்த ஆண்டோடு இருபத்தைந்து ஆண்டு. பத்தொன்பது வயதில் உன்னைப் பழைய வீட்டுச் சாளரத்தருகே அமரவைத்து வரைந்த அந்த ஒரு படமல்லவா நம் குடும்பத்தைத் தாங்கியது? தலை குனிந்த அந்த முகம் ஏறாத சுவர் இல்லை. நாட்காட்டியில் இருக்கிறது, துணிக்கடைப் பையில் இருக்கிறது, பல் மருத்துவரின் காத்திருப்பறையில் இருக்கிறது. நவம்பரில் முதலாளி பெருவிழா எடுக்கிறார். அதே முகத்தில் பன்னிரண்டு புதிய படங்கள் வேண்டுமாம். மூன்று முடிந்தன. நான்காவது பிடி கொடுக்க மறுக்கிறது.

மற்றொன்று. உன் மகளுக்குப் பதினெட்டு முடிந்திருக்குமே. மருமகளைப் பார்த்து நாளாயிற்று. அண்மையில் எடுத்த நிழற்படம் ஒன்று அனுப்பு. பக்கவாட்டில் எடுத்ததாக இருந்தால் நல்லது. வளர்ச்சி தெரியும்.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணனுக்கு,

வணக்கம். இங்கு மூவரும் இருக்கிறோம். மூட்டுக்குச் சூடாக ஒத்தடம் கொடு. மின்தூக்கி உள்ள கட்டடத்தில் படியேறுவது வீம்பு.

இவருக்குத்தான் கணுக்கால் சுளுக்கு. ஊரார் நிலத்தையெல்லாம் அளக்கப் போனவர், எல்லைக்கல் நடத் தோண்டிய குழியை மட்டும் அளக்காமல் காலை விட்டுவிட்டார். பத்து நாளாகக் கட்டிலில் கிடந்தபடி வீட்டை அளந்துகொண்டிருக்கிறார். சமையலறை வரைபடத்தில் உள்ளதைவிட அரையடி குறைவாம். நான் இருபது ஆண்டாக அந்த அரையடிக்குள்தான் படம் வரைகிறேன் என்றேன். "அப்ப அது ஆக்கிரமிப்பு" என்றார்.

பள்ளிக்குக் கல்வி அதிகாரி வந்திருந்தார். என் வகுப்பில் நாற்பது பெண்கள் ஒரு பழைய குடையை வரைந்துகொண்டிருந்தார்கள். நல்ல குடை, இரண்டு கம்பி உடைந்தது, வரைவதற்கு அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. அவர் குடையைப் பார்க்கவில்லை.

"நீங்கதானே அந்த நாணம்?"

"நான் ஓவிய ஆசிரியைங்க."

"அதேதாம்மா. ஒரு நிமிஷம் தலையைக் குனிங்க, படம் எடுத்துக்கறேன். வீட்டுல சொன்னா நம்பமாட்டாங்க."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். எங்கள் ஆண்டறிக்கை அதிகாரியின் கையொப்பத்துக்காக மேசைமேல் காத்திருந்தது. குனிந்தேன். நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நகர ஓவியக் காட்சிக்கு மூன்று படங்கள் அனுப்பியிருந்தேன். பேருந்துக்கு நிற்பவர்கள், துணி உலர்த்துபவள், நாற்காலியில் உறங்கும் வாயிற்காவலர். மூன்றும் முதுகுப் பக்கம். இரண்டைத் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தார்கள், கூடவே ஒரு வரி: "தொடக்க நாளன்று ஓவியர் தம் படங்களின் அருகில் நிற்க வேண்டும், பொதுமக்கள் விரும்புவர்." மற்ற ஓவியர்களுக்கு அந்த வரி இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். படங்களைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


பிப்ரவரி 20

அன்பிற்கினிய தங்கைக்கு,

அண்ணன் வரைவது. ஒத்தடம் கொடுத்தேன், தேவலை. மாப்பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது? அளவையாளர் காலில் அடிபட்டால் நாட்டின் எல்லையே ஆடிப்போகும். கவனமாக இருக்கச் சொல்.

படங்களைத் திரும்ப எடுத்தது தவறு. நின்றிருக்கலாம். ஒரு முகம் ஓராயிரம் வீட்டில் ஆறுதல் தருகிறது என்றால் அது அந்த முகத்தின் குற்றமா? அழகு யாருக்குச் சொந்தம்? உடையவளுக்கா, கண்டவனுக்கா, காசு கொடுத்துச் சுவரில் மாட்டியவனுக்கா? மூவருக்கும் இல்லை என்பேன். அழகு ஆற்றுநீர். கரையில் பிறந்தவள் என்பதற்காக ஒருத்தி அதைக் குடத்தில் அடைக்க முடியாது. நீ பிறந்தாய், நான் கண்டேன், உலகம் பெற்றுக்கொண்டது. இதில் யாருக்கு இழப்பு?

இப்படியெல்லாம் பேச வருகிறது. நான்காம் படம்தான் வரமாட்டேன் என்கிறது. மூன்று முறை சுரண்டி எறிந்தேன். பழைய படத்தைப் பார்த்துப் புதியதை வரைகிறேன். அந்தப் புதியதைப் பார்த்து அடுத்ததை. ஒவ்வொரு முறையும் கழுத்தின் வளைவு நூலளவு மழுங்குகிறது. குளியலறைச் சோப்பின் மேலிருந்த எழுத்துப்போல் தேய்ந்துகொண்டே வருகிறது. உயிருள்ள கழுத்து ஒன்றைப் பார்த்தால் கை நிமிரும்.

உன் மகளின் நிழற்படம் மடலோடு வரவில்லை. உறையில் வைக்க மறந்தாயோ, அஞ்சலில் விழுந்ததோ?

அன்புடன்
அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணனுக்கு,

வணக்கம். நலம். மறுமொழி எழுத ஐம்பது நாளாயிற்று. தேர்வு, தாள் திருத்தம் என்று எழுதலாம். அவையெல்லாம் காரணமல்ல.

நிழற்படத்தை மறக்கவில்லை. அஞ்சலிலும் விழவில்லை. நீ கேட்டது வளர்ச்சி பார்க்க அல்ல என்பது 'பக்கவாட்டில்' என்ற சொல்லிலேயே தெரிந்துவிட்டது. ஓவியனுக்கு ஓவியர் எழுதும்போது அந்தச் சொல்லையாவது நீ தவிர்த்திருக்கலாம்.

அனுப்பமாட்டேன். என் கழுத்து தேய்ந்துவிட்டது என்பதற்காக என் மகள் கழுத்தைக் கேட்கிறாய். இருபத்தைந்து ஆண்டு கழித்து அவள் பள்ளியிலோ பணிமனையிலோ எவரோ ஒருவர் வந்து "கொஞ்சம் குனிங்க" என்பார். அவளும் மேசைமேல் உள்ள தாளைப் பார்த்துவிட்டுக் குனிவாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். எழுதாமலே செத்துப்போவேன் என்று நினைத்திருந்தேன். அன்று நான் நாணிக் குனியவில்லை. என் மடியில் வரைபலகை இருந்தது. நீ என்னை வரைந்துகொண்டிருந்தாய். நான் உன்னை வரைந்துகொண்டிருந்தேன். வரைபவள் பலகையைப் பார்க்காமல் எதைப் பார்ப்பாள்? மாலை வந்து பார்த்தபோது உன் படத்தில் பலகை இல்லை. இருந்த இடத்தில் துணிமடிப்பு இருந்தது. ஆனால் விரல்களை நீ மாற்றவில்லை, அண்ணா. பார். மேலாடையின் நுனியை யாராவது அப்படிப் பிடிப்பார்களா? மூன்று விரலால், நுனியிலிருந்து ஓரங்குலம் விட்டு, அழுத்தாமல்? கரித்துண்டைப் பிடித்திருக்கிறேன். இத்தனை பேர் அந்த விரல்களின் நாணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த முகத்தை நிறுத்து. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

இவருக்குக் கால் சரியாகிவிட்டது.

தங்கை


ஏப்ரல் 19

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமே சூழ்க. உன் மடல் கிடைத்தது.

பலகை எதுவும் என் நினைவில் இல்லை. இருந்திருக்கலாம். ஓவியன் கண்ணால் கண்டதையெல்லாம் துணியில் ஏற்றுவதில்லை. எடுப்பதும் விடுப்பதுமே அவன் தொழில். அன்று அறையில் ஒரு வாளியும் இருந்திருக்கும், அதையும்தான் நான் வரையவில்லை. அதற்காக வாளி என்னோடு வழக்காடுகிறதா?

விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. இப்போது நிறுத்துவது என் கையில் இல்லை.

வெயில் கடுமை. நீர் நிறையக் குடியுங்கள்.

அண்ணன்


மே 30

அண்ணனுக்கு,

வணக்கம். நலம். நினைவில் இல்லை என்றால் சரி.

மகளுக்குப் பாலம் கட்டும் பொறியியல் படிக்க ஆசை. உங்கள் ஊர்க் கல்லூரியில் சூன் 10, 11, 12 மூன்று நாளும் நேர்முகத் தேர்வு. தங்குவதற்கு விடுதியில் இடம் கேட்டேன், இல்லை என்றார்கள். இவருக்கு விடுப்பு இல்லை, எனக்கும் பள்ளி திறக்கும் நேரம். அங்கே நமக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை. "சொந்தத் தாய்மாமன் இருக்கும்போது எதுக்கு யோசனை?" என்கிறார் இவர். அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை.

உன்னிடம் அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அனுப்புகிறேன்.

அவளை வரையாதே. தாளிலும், துணியிலும், வெறும் விரலால் காற்றிலும்.

தங்கை


சூன் 17

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் வரைவது. மருமகள் நலமாக வந்து சேர்ந்திருப்பாள். தேர்வு நன்றாக நடந்ததாகச் சொன்னாள். சொன்ன விதத்தில் நம்பிக்கை இருந்தது. அவள் உன்னிடம் சொல்லியிருப்பவற்றை நானும் எழுதுகிறேன், சொல்லாததையும் எழுதுகிறேன்.

அவள் வருமுன் எல்லாப் படங்களையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். உள்ளே நுழைந்ததும் கேட்டாள்: "மாமா, எல்லாரும் என்ன தப்பு செஞ்சாங்க? வகுப்புல நிக்க வைக்கிற மாதிரி நிக்க வெச்சிருக்கீங்க."

சாளரத்தைத் திறக்கப் பார்த்தாள். திறக்க முடியாது, ஆணி அறைந்திருக்கிறது என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "ஆணி உள்பக்கம்தானே மாமா இருக்கு?" என்றாள். வேறு பேச்சுக்குத் தாவினேன். ஆணியை அறைந்தவன் நானே.

இரண்டாம் நாள் முதலாளி வந்தார். யார் சொன்னார்களோ, எண்ணியாகத்தான் இருக்கும். அவளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"அட, அப்படியே இருக்கே. ஓவியரே, இதைப் பொத்தி வெச்சிருக்கீங்களே. கொஞ்சம் தலையைக் குனிம்மா."

"எதுக்குங்க?"

"சும்மா. நாணமா இருக்கும்."

"கீழ ஏதாவது விழுந்திருந்தா சொல்லுங்க, குனிஞ்சு எடுத்துத் தரேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் போனபின் அவள் ஒரு படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "மாமா, அம்மா கீழ என்னத்தைப் பார்த்துட்டு இருக்காங்க?" என்றாள். இருபத்தைந்து ஆண்டில் அதைக் கேட்ட முதல் ஆள் உன் மகள்.

பலகையை என்றேன். சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. உன்னிடமும் சொல்லியாக வேண்டும். நினைவில் இல்லை என்று எழுதியது பொய். ஒவ்வொரு முறை அந்தத் துணிமடிப்பை வரையும்போதும் அது பலகை என்று என் கைக்குத் தெரியும்.

அன்று நீ தண்ணீர் குடிக்க எழுந்து போனாய். பலகையை நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனாய். பார்த்தேன். என் முகம் இருந்தது. இருபத்தேழு வயது, எந்தக் காட்சியிலும் இடம் கிடைக்காதவன், எதிரே இருப்பவர் ஒரு நல்ல சொல் உதிர்ப்பாரா என்று கையேந்தி நிற்பவன் முகம். நான் ஊரிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் மறைத்து வைத்திருந்த முகம். அரைமணி நேரத்தில், கிறுக்கிய கரித்துண்டால், தங்கை ஒருத்தி அதை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். அதைவிடக் கொடிது, அதில் திருத்த ஒரு கோடு இல்லை. பத்தாண்டு பயின்றவன் நான். என் படத்தில் நாற்பது இடம் திருத்த வேண்டியிருந்தது.

நீ திரும்பி வருமுன் பலகையை என் படத்திலிருந்து துடைத்தேன். உன் மடியில் துணியைப் போட்டேன். விரல்களை மாற்ற நேரமில்லை. வாங்க வந்தவர் 'நாணம்' என்று பெயர் வைத்தார். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால், பிறகு என்ன பெயர் என்று கேட்டிருப்பார்.

இனி நீ மன்னிக்க முடியாத பகுதி. மூன்றாம் நாள் நண்பகல், தேர்விலிருந்து வந்த களைப்பில் அவள் நாற்காலியிலேயே உறங்கிப்போனாள். கழுத்து ஒருபுறம் சாய்ந்திருந்தது. நான் கரித்துண்டை எடுத்தேன். வாக்கை மறந்து எடுத்தேன் என்று சொல்லமாட்டேன், நினைவோடுதான் எடுத்தேன். அவள் தாடை அகலம், நெற்றி மேடு, மூக்கின் நுனி சற்றே தூக்கல். மாப்பிள்ளையின் சாயல் அத்தனையும். பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தேன். தாளில் வந்தது நீ. பத்தொன்பது வயது நீ, குனிந்தபடி. இன்னொரு தாள். மறுபடியும் நீ. ஐந்து தாள். உன் மகள் என்னிடமிருந்து தப்பித்துவிட்டாள், அம்மா. அவளைப் பார்க்க எனக்குக் கண்ணே இல்லை. எவரையும் பார்க்க இல்லை.

ஐந்தையும் கிழித்துவிட்டேன்.

அண்ணன்


சூலை 30

அண்ணனுக்கு,

வணக்கம். நலம். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. இந்த முறை விடுதியிலும் கிடைத்துவிட்டது.

உன் மடல் வந்த நாள் பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். இவர் கேட்டார், "உங்க அண்ணன் என்ன எழுதியிருக்கார்?" அங்கே வெயில் கடுமையாம் என்றேன்.

நீ கரித்துண்டை எடுத்ததற்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது வேறொன்று.

அன்று மாலை உன் படத்தில் பலகை இல்லாததைக் கண்டபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அண்ணன் என் வரைவைப் பார்த்திருக்கிறார். அது அவ்வளவு மோசம். தம் படத்தின் அழகைக் கெடுக்கும் என்று பலகையையே எடுத்துவிட்டார். என் மனம் நோகக்கூடாது என்று வாய் திறக்கவில்லை. அப்படித்தான் நினைத்தேன். உன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். முகம் வரைய எனக்கு வராது என்று அன்றே முடிவு கட்டினேன்.

அதன்பின் ஒரு முகம்கூட வரையவில்லை. முதுகுதான். பேருந்துக்கு நிற்பவர்கள், துணி உலர்த்துபவள், உறங்கும் காவலர். முதுகில்தான் மனிதர் மறைக்கத் தெரியாமல் இருக்கிறார்கள் என்று என் மாணவிகளிடம் பெரிய கொள்கைபோல் சொல்லி வருகிறேன். பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கொள்கையுமில்லை ஒன்றுமில்லை. முன்பக்கம் போக அச்சம்.

எனக்கு எழுதியது போதாது. மடல் என்பது நாலு சுவருக்குள் பேசுவது. நவம்பரில் மேடை ஏறுவாய் அல்லவா? அந்தப் பெண் எதைப் பார்த்துக் குனிந்தாள் என்று எல்லார் முன்னிலையிலும் சொல். அதன்பின் வரைவதை நிறுத்து.

தங்கை


செப்டம்பர் 5

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் வரைவது. உடல் நலம். மருமகளுக்கு என் வாழ்த்து. ஒரு மாதமாக எழுதாததற்குப் பொறுத்துக்கொள். எழுத நினைத்த வரிகளையெல்லாம் நீ அடுப்பில் போட்ட அந்தத் தாள் மறித்துக்கொண்டு நின்றது.

நேற்று முதலாளியிடம் சொன்னேன். மேடையில் உண்மையைச் சொல்லப்போகிறேன், இதுவரை முடிந்த எட்டோடு நிறுத்துகிறேன், இனி அந்த முகம் இல்லை என்றேன். ஓங்கிய குரலில் சொன்னேன், ஒத்திகை பார்த்திருந்தேன். சினப்படுவார் என்று காத்திருந்தேன். தேநீர் வரவழைத்தார்.

"நீங்க நிறுத்துங்க. தாராளமா நிறுத்துங்க. முகம் நிக்காதே, ஓவியரே."

இரண்டாம் மாடிக்கு அழைத்துப் போனார். நான் ஒருநாளும் அந்த மாடியில் இறங்கியதில்லை; அட்டைப்பெட்டி அடுக்கும் இடம் என்று நினைத்திருந்தேன். நீளமான மேசை. ஆறு பேர். முதலாமவர் நெற்றியும் வகிடும், அடுத்தவர் இமை, அடுத்தவர் கழுத்து, அதற்கடுத்தவர் துணிமடிப்பு, ஐந்தாமவர் விரல்கள். ஆறாமவர் என் கையொப்பம். ஒன்பது ஆண்டாக நடக்கிறதாம். கழுத்து வரைபவரின் அருகில் நின்று பார்த்தேன். என் கழுத்தைவிட நன்றாக வருகிறது. விரல் வரைபவரிடம், "இந்த விரல் எதைப் பிடிச்சிருக்குன்னு தெரியுமா?" என்றேன். "ஐயா, எனக்கு அஞ்சு விரலும் சரியா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

"அப்ப நான் எதுக்கு மேலே இருக்கேன்?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"நீங்க இருக்கணும்ங்க. யாராவது கேட்டா, மாடியில இருக்கார்னு சொல்லணுமில்ல?"

இன்று வெள்ளிக்கிழமை, எண்ணி வந்தார், எண்ணினார், போனார்.

மேடையில் சொல்வேன்.

அண்ணன்


நவம்பர் 24

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் வரைவது. நலமா? உனக்கும் அழைப்பு வந்திருக்கும். நீ வரவில்லை என்பதில் வருத்தமில்லை, வராமலிருந்தது நல்லது.

சொன்னேன். அரங்கு நிறைந்த கூட்டம். நீங்கள் கொண்டாடும் இந்தப் பெண் நாணிக் குனிந்தவள் அல்லள், வரைந்துகொண்டிருந்தவள் என்றேன். அவள் மடியிலிருந்த பலகையைப் பொறாமையால் அழித்தவன் நான் என்றேன். அவள் என்னினும் மேலான ஓவியர், இருபத்தைந்து ஆண்டாக நீங்கள் வணங்கியது ஒரு களவை என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக நான் பேசியதில்லை.

கைதட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, "என்ன அடக்கம். தங்கச்சியை எப்படித் தூக்கி வெச்சுப் பேசறார் பாருங்க" என்றார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறுபடியும் ஒலிவாங்கியைப் பிடித்து, "அடக்கமில்லை, உண்மை" என்றேன். அதற்கும் தட்டினார்கள். முதலாளி அங்கேயே அறிவித்துவிட்டார்: வரும் ஆண்டு நாட்காட்டியில் அதே முகம், மடியில் பலகையுடன். மேடையைவிட்டு இறங்கும்போது என் தோளில் கைபோட்டு, "பலகையில ஏதாவது இருக்கணுமே, ஒரு ரோஜாப் பூ போட்டுடலாமா?" என்றார்.

நான்காம் மாடியைக் காலி செய்துவிட்டேன். புதிய முகவரி உறையில் இருக்கிறது. தையற்கடைக்கு மேல் சிறிய அறை. வரைவதை நிறுத்தினேன் என்று பெருமையாக எழுதலாம். முற்றிலும் நிறுத்தவில்லை. தையற்காரர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னால் உட்காருகிறார். பெரிய மீசை, வழுக்கை, இரட்டைத் தாடை. இவரிலாவது உன் சாயல் வராது என்று துணிந்தேன். வரைந்து முடித்ததும் அவரே வாங்கிப் பார்த்தார். "அந்த நாட்காட்டிப் பொண்ணுக்கு மீசை வெச்ச மாதிரி இருக்கே" என்றார்.

நீ கேட்டதைச் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

அண்ணன்


திசம்பர் 10

அண்ணனுக்கு,

வணக்கம். நலம். புதிய அறையில் காற்று வருகிறதா? அங்கே படி மட்டும்தான் என்று நினைக்கிறேன். மூட்டுக்கு மறவாமல் ஒத்தடம் கொடு.

புதிய நாட்காட்டி வந்துவிட்டது. தலைமையாசிரியை ஒன்று வாங்கி என் மேசைக்கு நேர்மேலே மாட்டியிருக்கிறார். "உங்களுக்குப் பெருமையா இருக்கும்" என்றார். ரோஜாவை வரைபவள் நாணிக் குனிந்திருக்கிறாள். அதன்கீழ் உட்கார்ந்துதான் இனி குடை வரையச் சொல்லித்தர வேண்டும். கழற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். விதியில் இடமிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றிருக்கிறார். இன்னும் பார்க்கிறார்.

நான் வந்திருந்தேன், அண்ணா. வரவில்லை என்று நீயாக எழுதிக்கொண்டாய். கடைசிக்கு முந்தைய வரிசை. எவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அரங்கு முழுக்க என் முகம். எனக்கு மட்டும் அது இல்லை. நீ பேசியதில் ஒரு சொல் விடாமல் கேட்டேன். அவர்கள் கைதட்டியதையும் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒருத்தி கேட்டாள். அதற்குத்தானே சொல்லச் சொன்னேன்.

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள். மடியில் பெரிய கைப்பை, அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கூட்டம் தட்டும்போது என் பக்கம் சாய்ந்து, "இந்தக் காலத்துல யாருங்க இப்படி அடக்கமா இருக்காங்க? அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கோ, உயிரோட இருக்கோ இல்லையோ" என்றார். உயிரோடு இருப்பதாகக் கேள்வி என்றேன். "பாவம்" என்றார். அப்படியே மறுபடி மேடையைப் பார்த்து வாயைப் பிளந்தபடி உட்கார்ந்துவிட்டார். இமை கனத்த கண், உதட்டோரம் சலிப்பு, நடுவில் எதற்கும் அசையாத ஒரு மூக்கு. அழைப்பிதழின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பையில் தாள் திருத்தும் சிவப்புப் பேனா இருந்தது. முதல் கோடு காதுவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைப் போட்டேன்.

தையற்காரரை வரைந்த தாளை எனக்கு அனுப்பு. எந்த இடத்தில் நான் நுழைகிறேன் என்று குறித்து அனுப்புகிறேன். புருவத்துக்கும் இமைக்கும் இடையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ அந்த இடத்தைப் பார்க்காமலே போடுகிறாய். மறுபடியும் அவரையே வரை. வேண்டுமானால் மீசையில் தொடங்கு.

அந்த அம்மாள் நான் முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார். தாளைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மூக்கு பெரிசா இருக்கே."

"பெரிசுதாங்க" என்றேன்.

தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தங்கை